பதினான்கு வெள்ளைகள்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
சாம்பிள் பெட்டி சரிந்து
இத்தாலியக் கல்லின் ஒரு மூலை உடைந்தது.
அதையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.
உடைத்தால்தான் உள்நிறம் தெரியும் என்று
சொல்லிக்கொள்ளலாம்.

ஏற்காட்டில்
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
எட்டாயிரத்து இருநூறு சதுர அடி.
கண்ணாடி இன்னும் வந்து சேரவில்லை.
இந்திராணி அம்மா சிமெண்ட் மூட்டைமேல்
செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார்.
"நீ சோபா கொண்டாற வரைக்கும் இதான் சோபா."

வண்ண அட்டையை விசிறிபோல் விரித்தேன்.
இந்த வருடம் எல்லோரும் வெள்ளைக்குத் திரும்புகிறார்கள், அம்மா.
பளீர் வெள்ளை இல்லை, அடங்கிய வெள்ளை.
முட்டை ஓடு. உரித்த பாதாம். ஆட்டுப்பால்.
பழைய கடிதம். துவைத்துத் துவைத்துத் தளர்ந்த லினன்.
மொத்தம் பதினான்கு.
சோபாவுக்குக் குட்டி ஆட்டின் முதுகு மாதிரி
சுருள்சுருளாய் ஒரு துணி.
சுவருக்குச் சுண்ணாம்பு,
ஆமாம், சுண்ணாம்பேதான்,
டப்பாவில் மிலான் என்று போட்டிருந்தால்
சதுர அடிக்கு இருநூற்றெண்பது.

அவர் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
"இதுல மாவு வெள்ளை எது?"
விழித்தேன்.
"வண்டியில ஏறு."

குப்பனூர் வழியாக இறங்கினோம்.
ஆத்தூர் ரோட்டில் அவர்களுடைய ஜவ்வரிசி மில்.
மணி பன்னிரண்டரை.
மூன்று ஏக்கர் சிமெண்ட் களம்,
அதன்மேல் உலரும் மாவு,
மாவின்மேல் சித்திரை வெயில்.
கண்ணைத் திறக்க முடியவில்லை.
கூலிங் கிளாஸ் போட்ட பெண்கள்
பலகையால் வெள்ளையை இழுத்துப்போனார்கள்.
என் கையிலிருந்த பதினான்கும்
அந்த வெளிச்சத்தில் ஒரே அழுக்கு.

"இருபத்தாறு வருஷம்
அந்த ஜன்னல்ல உக்காந்து கணக்கெழுதினேன்.
ராத்திரி கண்ண மூடினாலும் உள்ள வெளுப்பாத்தான் இருக்கும்.
எனக்கு ஒரு இருட்டு வாங்கிக் குடு."

தொழிலுக்கு வந்து ஒன்பது வருடம்.
வெளிச்சம் விற்றிருக்கிறேன்,
மறைவாக, மஞ்சளாக, கைதட்டினால் எரிவதாக.
இருட்டு எந்தக் கடையில் என்று தெரியவில்லை.

தேடியதில் தெரிந்தது, அதுவும் ஒன்றல்ல.
பட்டு கறுப்பாக இருந்தாலும் எட்டிப் பார்க்கும்.
தோல் சோபா, விளக்கை அணைத்த பிறகும்
கொஞ்ச நேரம் விழித்திருக்கும்.
ஆட்டுரோம வெல்வெட்
வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மீதி தராது.
தச்சர் பன்வாரிலால்
தேக்குப் பலகையை நெருப்பில் வாட்டி
கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினார்.
விரலால் தடவினேன். மரத்தின் வரிகள்
கண்ணுக்கு இல்லை, கைக்கு இருந்தன.
சுவருக்கு, மழைக்குப் பிந்திய
காப்பித் தோட்டத்து மண்.
கூரைக்கும் அதே.

அவர் கணவருக்குப் பிடிக்கவில்லை.
"கோடி ரூவாய்க்குக் குகையா?"
ஹால் அவருக்கு என்று முடிவாயிற்று.
பதினான்கு வெள்ளைகளையும் அங்கேயே இறக்கினேன்.
பதினாறடி கண்ணாடி வைத்தேன்,
இரவில் சேலத்து விளக்குகள் முழுதும் தெரியும் என்று
அதற்குத் தனியாக வாங்கினேன்.

ஆடிட்டர் போன் செய்தார்:
பில்லில் 'இருட்டு அறை' என்றிருக்கிறதே,
போட்டோ கழுவவா?

கார்த்திகையில் சாவி கொடுத்தோம்.
விளக்குகளைக் காட்டலாமென்று
ஹாலின் திரையை விலக்கினேன்.
பனி.
கண்ணாடி முழுக்க, மூலை மிச்சமில்லாமல், வெள்ளை.
சேலமும் இல்லை, வாசல் மரமும் இல்லை.
மில்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்,
மாவின் தரம் பார்ப்பதுபோல.

உள்ளே கதவு சாத்தியிருந்தது.
அரைமணி நேரம்.
தட்டலாமா என்று போய் நின்றேன்.
குரல் மட்டும் வந்தது.

"ஸ்விட்ச் எங்க இருக்கு?"

கதவுக்கு வலதுபுறம், இடுப்பு உயரத்தில், அம்மா.

"சரி சரி.
தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."